காது மட்டும் தெரிந்த பையன்

படம் வரைகிற பலகை ஒன்று வாங்கப் போகிறேன் என்று ஜிபார் சொன்னபோது எங்கள் முதலாளி ஓரோஸ்பெக் வாய்விட்டுச் சிரித்தார்.

"மவுஸ் இருக்கே உனக்கு. அதுலதானே இத்தனை வருஷமா செத்தவங்களுக்கு மூஞ்சி போட்டுட்டிருக்க. அவங்கள்ல யாராச்சும் வந்து குறை சொன்னாங்களா?"

"அவங்க சொல்லல அண்ணே. என் மணிக்கட்டு சொல்லுது."

"அப்ப உன் மணிக்கட்டே வாங்கிக்கட்டும். என்கிட்ட கேக்காத."

அப்படித்தான் அவள் தன் கைக்காசில் வாங்கினாள். இருப்பதிலேயே மலிவான சீனப் பலகை.

எங்கள் பட்டறை ஏரிக்கரை ஊரான பாலிக்சியில், கப்பல் எதுவும் வராத பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. கல்லறைக் கல் செய்கிறோம். ரஹீம் கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவான். நான் ஊசி இயந்திரம் ஓட்டுகிறேன். என் பெயர் துர்சுன். கறுப்புக் கல்மேல் வைர ஊசி பொட்டுப் பொட்டாகக் குத்திக்கொண்டே போகும். வெள்ளைப் புள்ளிகள் கூடி ஒரு முகம் எழும்பும். எந்த இடத்தில் எவ்வளவு குத்த வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் தயார் செய்து தருவது ஜிபார்.

அவளுடைய அறை முற்றத்தின் மறுகோடியில். ஒரு மேசை, ஒரு திரை, ஒரே ஒரு நாற்காலி. யாரும் அங்கே போய் உட்கார வேண்டிய அவசியம் கிடையாது. ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். அடையாள அட்டையிலிருந்து வெட்டிய முகம், கல்யாணக் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எடுத்த பாதி முகம், ஈர விரல் பட்டு மங்கிய முகம். கூடவே குரல் செய்தி: "அப்பாவுக்குக் கண்ணைத் திறந்து வைங்க." "தொப்பி வேணும், வெள்ளைக் கல்பாக்." "சட்டையில பீர் கம்பெனி பேரு இருக்கு, அதை எடுத்துருங்க, எங்க பள்ளிவாசல் மொல்தோ கல்லையே உடைச்சுருவாரு." அவள் அந்தக் குரல்களைக் கேட்டுவிட்டு, திரையில் இருப்பவரிடம் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வேலை செய்வாள். ஏதாவது கேட்க நான் உள்ளே போகும்போது, "கொஞ்சம் நிமிருங்க பாட்டையா" என்று யாரோ ஒரு கிழவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள்.

ஒரு நாளில் அவள் பேசும் பேச்சில் பெரும்பகுதி அதுதான். புருஷன் குபாத் ரஷ்யாவில், எகாதெரின்பர்க்கில் ஏதோ கிடங்கில் வேலை. போன புதிதில் தினமும் பேசினான், மாதாமாதம் பணம் அனுப்பினான். பிறகு பண்டிகைக்கு மட்டும் பேச்சு. பிறகு நோரூஸ் புத்தாண்டு அன்று ஒரு பூப்படம், அவ்வளவுதான். அங்கே அவனுக்கு வேறு ஒரு வீடு இருப்பது பாலிக்சியில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் யாரும் சொன்னதில்லை. "குபாத் எப்ப வர்றாரு?" என்று அவள் குடியிருக்கும் அடுக்குமாடிப் பெண்கள் கேட்டால், "கோடையில" என்பாள். அவர்களும் தலையாட்டுவார்கள். பிள்ளை இல்லை.

பலகை தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ் டிரைவர் கையில் வந்தது. அவன் அதை முற்றத்தில் நின்றபடியே தட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, நூடுல்ஸ் வெட்டற கட்டையா?"

"ஆமா. வா, உன் மூக்கை வெட்டித் தரேன்."

அவள் அப்படிப் பதிலுக்குப் பதில் பேசியது எனக்கே புதிதாக இருந்தது. புதுச் சட்டை வாங்கிய பிள்ளை போலப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் அந்தக் குஷி ஒரு வாரம் தாங்கவில்லை. பலகை வெறும் கறுப்பு பிளாஸ்டிக். அதன்மேல் எதுவும் தெரியாது. பேனாவைக் கீழே பலகையில் ஓட்ட வேண்டும், கோடு மேலே திரையில் விழும். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். மூக்கு வரையப் போனால் கோடு நெற்றியில் கிடக்கும். லேசாகத் தொட்டால் பேனா உணராது, அழுத்தினால் கோடு தடித்துவிடும். மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் ஆட்டுப் பாதை மாதிரி நெளியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டம் போட்டால் முட்டையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் விட்டுப்போன சாவிக்காக நான் திரும்பி வந்தேன். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. திரையில் நீள முகத்தோடு ஓர் ஆள்.

"யாரு இது, புது ஆர்டரா?"

"இல்ல அண்ணே. குபாத்."

நான் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். குபாத்தும் நானும் சேர்ந்து மீன் பிடித்திருக்கிறோம், சேர்ந்து குடித்திருக்கிறோம். அந்தத் திரையில் இருந்தவனைத் தெருவில் பார்த்தால் நான் வணக்கம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

"பலகை வளைக்குது போல," என்றேன்.

"ஆமா, வளைக்குதுதான்," என்று அவள் அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டாள். "வட்டமே முட்டையா வருதுல்ல. முகம் எப்படி வரும்?"

வளைத்ததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. பலகையின் அளவும் திரையின் அளவும் ஒத்துப்போகவில்லை. அமைப்பில் போய்ப் பலகையின் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்ததும் வட்டம் வட்டமாகவே விழுந்தது. அழுத்தத்தையும் தன் கைக்குத் தகுந்தபடி மாற்றினாள். பலகைமேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினாள். பேனா வழுக்காமல் நின்றது. முனை மட்டும் சீக்கிரம் தேய்ந்தது, அதற்குப் பெட்டியிலேயே மாற்று முனைகள் கிடந்தன. கோடு நெளியாமல் இருக்க விரலால் இழுக்காமல் முழங்கையிலிருந்து சட்டென்று இழுக்க வேண்டும் என்பதையும் கண்டுபிடித்தாள்.

"எப்படி இருக்கு உன் நூடுல்ஸ் கட்டை?" என்று தேநீர் நேரத்தில் ஓரோஸ்பெக் கேட்டார்.

"குடுத்த விலைக்கு நல்லதுதான் அண்ணே. தயங்கித் தயங்கி இழுத்தா நடுங்குது. தைரியமா இழுத்தா சொன்னபடி கேக்குது."

அவர் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "அந்தப் படம்? சரி பண்ணிட்டியா?"

அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப வட்டம் சரியாத்தான் வருது அண்ணே. அவர்தான் வரல."

போனை எடுத்து அவனுடைய படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. பார்க்காமல் எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தாளாம். புருவம் வரைக்கும் வந்ததாம். அதற்குக் கீழே ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போய் என் மனைவி சமைப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, பணம் தொலைச்சுட்டியா?" என்று அவள் கேட்டாள்.

ஏப்ரல் கடைசியில், ஏரியில் காற்று ஓயாமல் அடித்த நாட்களில், கொச்கோர் கிராமத்திலிருந்து ஒரு வேன் வந்தது. கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் இறங்கினார்கள். மூத்தவள் சைராகுல், பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், குரல் முற்றத்தையே நிரப்பும். அடுத்தவன் தெமிர்கான், வேன் அவனுடையதுதான். கடைசி பெர்மெத், பிஷ்கெக்கில் தையல் வேலை, அதிகம் பேசாதவள். அம்மா இறந்து நாற்பதாம் நாள் முடிந்திருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கல். பக்கத்திலேயே வெறும் மண்மேடாகக் கிடக்கும் இன்னொருவனுக்கும் ஒரு கல். அவன் மெலிஸ், அவர்களுடைய சகோதரன். பன்னிரண்டு வயதில், கோடை மேய்ச்சலுக்கு மலையில் இருந்தபோது வயிற்றுவலி வந்து, லாரி வந்து சேர்வதற்குள் போய்விட்டான். எழுபதுகளில் நடந்தது.

"போட்டோ?" என்றார் ஓரோஸ்பெக்.

சைராகுல் ஒரே ஒரு படத்தைக் கொடுத்தாள், அவன் போவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு எடுத்தது. கூடாரத்துக்கு முன்னால் குடும்பம். பதக்கம் குத்திய கோட்டில் அப்பா, மடியில் கைக்குழந்தை பெர்மெத்தோடு அம்மா, ரெட்டைச் சடையில் சைராகுல், வாயைத் திறந்தபடி தெமிர்கான். ஓரத்தில் ஒரு பையன். படம் பிடித்த நொடியில் சட்டென்று தலையைத் திருப்பிவிட்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஓர் இழுவல். தெளிவாக இருந்தது இடது காதும் கழுத்தும்தான்.

"அப்படி என்னத்தைப் பார்த்தான்?" என்று நான் கேட்டேன்.

"குதிரைக்குட்டி," என்றாள் சைராகுல்.

"நாய். எங்க கறுப்பு நாய்," என்றான் தெமிர்கான்.

"நாய் அந்த வருஷம் இல்லவே இல்ல. உனக்கு என்ன தெரியும், வாயைப் பொளந்துட்டு நின்ன."

ஓரோஸ்பெக் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பேரும் வருஷமும் போதும்க்கா. வெறுமையா இருக்குன்னா ஒரு குதிரைக்குட்டி செதுக்கித் தரேன். அழகா இருக்கும்."

"என் தம்பி குதிரைக்குட்டியா?" என்று சைராகுல் எகிறினாள்.

அப்போதுதான் ஜிபார் கதவருகே வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. "எனக்குத் தாங்க, முயற்சி பண்றேன். ஆனா நீங்க கூட உக்காரணும்."

அந்த அறைக்கு முதல்முறையாக நாற்காலிகள் போயின. நான் என்னுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அன்று பெட்டிமேல் உட்கார்ந்தேன். சைராகுல் பையிலிருந்து போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், எடுத்து மேசையில் கொட்டினாள். தெமிர்கான் வழியில் வாங்கிய கருவாட்டை உரிக்க ஆரம்பித்தான். இயந்திரச் சத்தத்தைத் தாண்டி அவர்களுடைய சண்டை எனக்குக் கேட்டது.

"மூக்கு அப்பா மூக்கு."

"அப்பா மூக்கு எனக்கு வந்துச்சு. அவனுக்கு மாமா மூக்கு."

"உனக்கு எங்க மூக்கு இருக்கு? அது உருளைக்கிழங்கு. நீங்க அவனுக்கு நேரா வரைங்கம்மா."

"கொஞ்சம் சின்னதா ஆக்குங்க. ஐயோ, ரொம்பச் சின்னது. இது எங்க கணக்கு வாத்தியாரு மாதிரி இருக்கு!"

ஜிபார் பேனாவைத் திருப்பி அழிப்பாள், மறுபடி இழுப்பாள். மவுஸ் மட்டும் இருந்திருந்தால் ஒரு மூக்கை மாற்ற அரை நாள் ஆகியிருக்கும். இப்போது அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் கோடு மாறியது. அவர்களும் அதனால் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அவள் ஒன்றைக் கவனித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். மெலிஸின் புருவம் பற்றிச் சொல்லும்போது சைராகுல் தன் புருவத்தைத் தடவினாள். தாடையைப் பற்றிச் சொல்லும்போது தெமிர்கான் கை அவன் தாடைக்கே போனது. அவர்களுக்கே தெரியாமல். அதிலிருந்து ஜிபார் அவர்கள் வாய் சொல்வதைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்து வரைந்தாள்.

பெர்மெத் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஜிபார்தான் கேட்டாள். "நீங்க?"

"எனக்கு மூஞ்சி ஞாபகமில்லக்கா. நான் குழந்தை. முதுகுல தூக்கிட்டுப் போவான். அது மட்டும் ஞாபகம் இருக்கு. காதைப் பிடிச்சு இழுத்தா அந்தப் பக்கம் திரும்புவான், குதிரை மாதிரி. வேணும்னே தப்பா இழுப்பேன், புதருக்குள்ள போவான்."

ஜிபார் பழைய படத்தின் காதைப் பெரிதாக்கித் திரையில் வைத்தாள். பெர்மெத் அதைப் பார்த்தாள். கருவாட்டுக் கையைத் துடைக்காமலேயே முகத்தை மூடிக்கொண்டாள். முகத்தை நேராக வரைய வேண்டாம் என்று ஜிபார் அப்போதே முடிவு செய்துவிட்டாள். படத்தில் நின்றபடியே, திரும்புகிற பாதியில். அந்தக் காது அப்படியே இருக்கட்டும்.

முதல் நாளில் முடியவில்லை. அடுத்த வாரமும் வந்தார்கள், அதற்கு அடுத்த வாரமும். ஜிபார் பால் வாங்கி வைக்க ஆரம்பித்தாள், நல்ல தேயிலை வாங்கினாள். அவர்கள் வரும் நாளில் இஸ்திரி போட்ட சட்டை. ஒரு தடவை தெமிர்கான் சொன்ன எதற்கோ அவள் சத்தமாகச் சிரித்தது கேட்டு ரஹீம் கல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "யாரு அது?" என்றான். "நம்ம ஜிபார்தான்," என்றேன்.

மூன்றாவது தடவை அவர்கள் வந்திருந்தபோது, உலான் என்று நாங்கள் சொல்கிற ஏரிக்காற்று தகரக் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. நான் ஒரு அளவு கேட்க அறைக்குள் போனேன். எல்லாரும் திரைப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஜிபார் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு நிழல், உதட்டோரத்தில் ஒரு கோடு. திரையில் ஒரு பையன், இப்போதுதான் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்புகிறான். சைராகுல் மெல்ல எழுந்து நின்றாள். "அடேய்," என்றாள், மிகச் சின்னக் குரலில். "அடேய் நீ..."

கரண்டு போனது.

திரை கறுத்தது. காற்று மட்டும் கேட்டது. "சேமிச்சீங்களா?" என்று தெமிர்கான் கேட்டான். பேனாவைப் பிடித்த ஜிபாரின் கை அப்படியே பலகைமேல் இருந்தது. வரைகிற வேகத்தில் சேமிக்க மறந்திருந்தாள்.

மாலையில் கரண்டு வந்தது. போன வாரத்துப் படத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். அதே காது, அதே திரும்பல், அதே உதடு. நான் பார்த்தவரை அதே பையன்தான். சைராகுல் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது மெலிஸ் இல்ல," என்றாள் கடைசியில். "இவன் மெலிஸோட சொந்தக்காரன்னு சொன்னா நம்புவேன். அப்ப இருந்தான் பாரு, கரண்டு போறப்ப, அவன்தான் மெலிஸ்."

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் தெமிர்கான்.

"உனக்கு நாய் தெரிஞ்ச மாதிரிதான் இதுவும்."

ஜிபார் பேனாவைக் கீழே வைத்தாள். "வேண்டாம்னா சொல்லுங்கக்கா. பேரு மட்டும் போட்டுக்கலாம்."

சைராகுல் போர்சோக் ஒன்றை எடுத்துப் பிய்த்தாள், தின்னாமல் மறுபடி வைத்தாள். "இல்லம்மா. இருக்கட்டும். எங்க யாருக்கும் அவன் முழுசா ஞாபகமில்ல. இதுவாச்சும் இருக்கட்டும். பார்க்கறவங்களுக்கு ஒரு பையன் இருந்தான்னு தெரியணும், அவ்வளவுதானே."

பெர்மெத் எழுந்து வந்து திரையில் காது இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது அவன்தான்," என்றாள்.

நான் அதைக் கல்லில் குத்தினேன். இரண்டு நாள் ஊசி ஓடியது. ஜிபார் வேலைக்கு நடுவில் பலமுறை வந்து பார்த்தாள். வழக்கமாக வரமாட்டாள். கல்லை வேனில் ஏற்றிய அன்று சைராகுல் அவளைக் கட்டிப்பிடித்து, "கல்லு நடுற அன்னிக்கு நீ வரணும், ஆடு அறுக்கறோம்," என்று கட்டளை போலச் சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலிகளை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம். என்னுடையதை அங்கேயே விட்டு வரலாமா என்று யோசித்தேன். அவளே தூக்கிக்கொண்டு வந்து தந்துவிட்டாள்.

கல் நடுகிற அன்று மினிபஸ் ஏறி அவள் கொச்கோர் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குர்ஆன் ஓதினார்கள், எல்லாரும் முகத்தில் கையை ஒற்றிக்கொண்டார்கள். பிறகு வீடு நிறைய ஆட்கள். அவளை மேல்வரிசையில் உட்கார வைத்து நல்ல இறைச்சித் துண்டு வைத்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், "யாரோட மக நீ? எங்களுக்கு எந்த வழியில சொந்தம்?" என்று கேட்டார்.

"சொந்தமில்ல ஐயா. அந்தப் பையனை வரைஞ்சது நான்."

"ஓ," என்றார் அவர். பிறகு அந்தப் பக்கம் இருந்தவரோடு தண்ணீர்ப் பாய்ச்சல் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சுற்றிலும் பேச்சு. எவனுடைய மருமகள், எவளுடைய அத்தை, எந்த ஊர்ச் சண்டை. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவளும் ஒரு நொடி பிந்திச் சிரித்தாள். வாசலில் சைராகுல் யாரிடமோ, "அந்தக் கரண்டு போன படத்தை நீ பார்த்திருக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று பெண்கள் ஜிபாரிடம் வந்து, தங்கள் வீட்டில் படமே இல்லாமல் போன ஒருவரைப் பற்றித் தணிந்த குரலில் சொல்லி அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். விட்டுவிட்டும் போனார்கள்.

புறப்படும்போது சைராகுல் பையோடு வந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக இறைச்சியும் போர்சோக்கும் மிட்டாயும்.

"உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

இத்தனை வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர்கள் அதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"நாலு பேரு," என்றாள் ஜிபார்.

"நல்லாருக்கட்டும்," என்று சைராகுல் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டாள்.

மினிபஸ்ஸில் வரும் வழியெல்லாம் பை மடியில் சூடாக இருந்ததாம். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் திறந்தாள், நாலு என்று வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பையை மேசைமேல் வைத்துவிட்டு, பிரிக்காமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் அந்தப் பையை அப்படியே பட்டறைக்குத் தூக்கி வந்தாள். என் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் கல்தூசியைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்தாள்.

"துர்சுன் அண்ணே, வாங்க. ரஹீமையும் கூப்பிடுங்க. முதலாளியையும்."

"என்ன விசேஷம்?" என்றபடி வந்தார் ஓரோஸ்பெக்.

"வீட்டுல நாலு பேருன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப நாலு பேர் சாப்பிட்டாகணும்."

ரஹீம் எங்களை எண்ணிப் பார்த்தான். "நாம மூணு பேருதானே இருக்கோம்?"

"ஏன், நான் ஆளில்லையா?" என்றாள் ஜிபார்.

ஓரோஸ்பெக் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். கொழுப்பு உறைந்த குளிர்ந்த இறைச்சியை நின்றுகொண்டே தின்றோம். அவள் எங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தாள், வயதுப்படி சரியான துண்டு சரியான ஆளுக்கு, வீட்டில் செய்வது போலவே. முதலாளிக்குத் தொடை எலும்பு, எனக்கு அடுத்தது, ரஹீமுக்கு விலா. தனக்குக் கடைசியில் ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொண்டாள்.

பாதியில் அவள் போன் அடித்தது. நாரின் ஊரிலிருந்து ஒரு பெண் குரல். தங்கச்சி என்றது, படம் இல்லை என்றது, பிறகு அழுகை. ஜிபார் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா, கேட்டுட்டிருக்கேன்," என்றபடி முற்றத்தைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். நாங்கள் மிச்சத்தைத் தின்று முடித்தோம்.